சீமைக் கருவேல மின்சாரம்: புகைக் கணக்கை எங்கே எழுதுவது?

கண்மாய்க்கரை:
விறகை எரிப்பதும் நிலக்கரியை எரிப்பதும் ஒன்றுதான் என்று தராசு ஐயா நேற்று எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மரத்தை வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். நான்கைந்து ஆண்டில் மீண்டும் விறகாகிவிடும். புகையாய் வெளியே போன கார்பனை அதுவே இழுத்துக்கொள்கிறது. நிலக்கரி அப்படித் துளிர்க்குமா? மழை பொய்த்த ஆண்டுகளில் விறகு வெட்டியும் கரிமூட்டம் போட்டும்தான் எங்கள் பக்கம் பல வீடுகளில் உலை கொதித்தது.

தராசு:
துளிர்க்கும் வரை புகை வானத்தில்தானே இருக்கிறது, ஐயா? நாடுகள் புகைக் கணக்கு எழுதுவதற்கு ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலைக் குழு தந்த 2006ஆம் ஆண்டு வழிகாட்டியைப் பாருங்கள். ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு விறகு 112 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. நிலக்கரி ஏறக்குறைய 95 கிலோ. எரிசக்திக் கணக்கில் விறகுக்குச் சுழியம் போடுவது அது தூய்மையானது என்பதற்காக அல்ல. மரம் வெட்டிய நிலத்தின் கணக்கில் அந்த இழப்பு ஏறிவிடும், இருமுறை எழுத வேண்டாம் என்பதற்காக. பிரிட்டனின் டிராக்ஸ் மின்நிலையம் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மரத்தூள் வில்லைகளைக் கப்பலில் வரவழைத்து எரிக்கிறது. புகை யார்க்‌ஷயரில் எழுகிறது. கணக்கோ கடலுக்கு அப்பால் போய்விடுகிறது.

கண்மாய்க்கரை:
டிராக்ஸின் பாவத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள். கனடாக் காடு திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். இங்கே மின் ஆலைகள் விறகை வாங்காவிட்டால் அதே விறகு கரிமூட்டத்துக்குப் போகும். நான்கைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி; மீதி மீத்தேனும் புகையுமாய் வீணாகிறது. பக்கத்தில் நின்று இருமியவன் சொல்கிறேன்.

செம்மண்:
இருவருக்கும் ஒரு சொல். 2009இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் பெட்ரோல், டீசலில் 20 சதவீத உயிரி எரிபொருள் கலப்பு என்றது. டீசலுக்கான எண்ணெய் தரும் காட்டாமணக்கைத் தரிசில் வளர்க்கலாம் என்றார்கள். எங்கள் ஊரில் அந்தத் 'தரிசு' ஆடு மாடு மேய்ந்த புறம்போக்கு. செடி வைத்தார்கள், காய்ப்பு இல்லை, மேய்ச்சலும் போயிற்று. அன்று முதல் 'வீண் நிலம்' என்று யார் சொன்னாலும் எனக்கு அச்சம் வருகிறது. 2008இல் சயன்ஸ் இதழில் ஃபார்ஜியோன் குழுவினர் இதைத்தான் கணக்கிட்டார்கள். பிரேசிலின் செராடோ புல்வெளியை அழித்துக் கரும்பு எத்தனால் எடுத்தால், நிலத்தை அழித்தபோது வெளியேறிய கார்பன் கடன் தீர 17 ஆண்டு; இந்தோனேசியா, மலேசியாவின், மக்கிய தாவரம் தேங்கிய சதுப்புக் காட்டை அழித்துப் பனை எண்ணெய் டீசல் எடுத்தால் 423 ஆண்டு. இரண்டுக்கும் பெயர் உயிரி எரிபொருள்தான்.

தராசு:
அப்படியானால் கருவேலத்துக்கே வருகிறேன். 2022இல் தமிழக அரசு, சீமைக் கருவேலம் உள்ளிட்ட அயல் தாவரங்களை அகற்றும் கொள்கையை வெளியிட்டது. வேரோடு பிடுங்கிய மரம் துளிர்க்காது. அதன் விறகுக்கும் சுழியம் போடுவீர்களா? போடவேண்டுமென்றால் அதே இடத்தில் வேறு மரம் அந்த அளவுக்கு வளர்ந்தாக வேண்டும். துளிர்க்கிறது என்பதற்காக வெட்டி வெட்டி வளர்த்தாலோ, கண்மாயும் வரத்துக்காலும் புதராகவே கிடக்கும். ஒரே மரத்துக்கு இரண்டு நியாயம் கூடாது.

கண்மாய்க்கரை:
இது சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். கண்மாய் மரம் வேரோடு போகட்டும், நீர்தான் முதலில். அதன் புகையைக் கடனாகவே எழுதுங்கள். ஆனால் பட்டா நிலத்தில் வெட்டி வளர்க்கும் மரத்துக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். அது எங்கள் பிழைப்பு.

தராசு:
பிரித்து எழுதினால் எனக்கு வழக்கு இல்லை. யார் பிரிப்பது?

கண்மாய்க்கரை:
விறகு லாரியின் எடைமேடைச் சீட்டு என் கையில் இருக்கிறது. எடை, விலை, வண்டி எண் எல்லாம் உண்டு. மரம் எந்த நிலத்தில் நின்றது என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அடுத்த நடைக்கு நானே சர்வே எண்ணை எழுதித் தரப் போகிறேன். வாங்கிக்கொள்கிறார்களா என்று பார்த்துவிட்டு இங்கே சொல்கிறேன்.