காசைப் படம் எடுக்க மேக்ரோ லென்ஸ்: 60ஆ 100ஆ?

செப்புக்காசு:
கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, அதோட வந்த கிட் லென்ஸ் வச்சிருக்கேன். தாத்தா விட்டுட்டுப் போன விக்டோரியா வெள்ளி ரூபா, 1911 ஜார்ஜ் ரூபா, கொஞ்சம் ராஜராஜன் செப்புக்காசு, ரெண்டு தங்கப் பணம் இருக்கு, எல்லாத்தையும் படம் எடுக்கணும். ரொம்பக் கிட்டத்துல எடுக்கற மேக்ரோ லென்ஸ் வாங்கலாம்னா, 60 எம்எம்மா 100ஆ?

வெளிச்சம்100:
100தான், யோசிக்கவே வேணாம். 60ஐ ஒன் டு ஒன் வரைக்கும், அதாவது காசு சென்சார்ல நிஜ சைஸ்லயே விழற அளவுக்குக் கொண்டுபோனா லென்ஸ் முனைக்கும் காசுக்கும் நடுவுல 9, 10 செ.மீ. தான் மிஞ்சும், அந்த சந்துல லைட்டை எங்க நுழைப்பீங்க, லென்ஸ் நிழலே காசு மேல விழும், வெள்ளின்னா கேமராவே கறுப்பா அதுல தெரியும்.

பழையலென்ஸ்பாண்டி:
கணக்கு போட்டுப் பேசுங்க பாஸ். வெள்ளி ரூபா அகலம் 30 மி.மீ., கிராப் சென்சார் உயரமே 15தான். முழு ரூபாயும் ஃப்ரேம்ல வரணும்னா பாதி சைஸைத் தாண்டவே முடியாது, ஒன் டு ஒன்னுக்கு எவன் போறான்? அந்த அளவுல 60லயே தாராளமா இடம் இருக்கு. என்னைக் கேட்டா பழைய மேனுவல் மைக்ரோ நிக்கார் 55 செகண்ட்ஹேண்ட்ல தேடுங்க, தனியா பாதி சைஸ் வரைக்கும் போகும், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல டியூப் (வெறும் வளையம்) மாட்டினா ஒன் டு ஒன். காசு என்ன ஓடவா போகுது, ஆட்டோஃபோகஸ் எதுக்கு?

வெளிச்சம்100:
முழுக் காசு மட்டும் எடுத்து என்ன பிரயோஜனம் சார்? 1911 ரூபாய்ல ராஜாவோட அங்கியில ஒரு யானை இருக்கும், தும்பிக்கையைக் குட்டையா செதுக்கி பன்றி மாதிரி ஆயிடுச்சுன்னு பெரிய கலாட்டா, 1912ல மாத்தியே அடிச்சாங்க. அந்தக் காசுக்கு மவுசே அந்த யானைதான், அதுவோ கடுகத்தனை. லைட்டு பக்கவாட்டுல படுத்தாப்ல வந்தாத்தான் தும்பிக்கை தெரியும், அதுக்கு இடம் வேணும். தங்கப் பணம் சட்டை பட்டனை விடச் சின்னது, அங்க உங்க பாதி சைஸ் செல்லாது.

ஃபோன்போதும்:
இதுக்கெல்லாமா லென்ஸ்? என் ஃபோன்லயே மேக்ரோ மோடு இருக்கு.

பழையலென்ஸ்பாண்டி:
தம்பி, அது காசு மேல ஏறி உக்காந்தாத்தான் ஃபோகஸ் ஆகும், பாதிக் காசு ஃபோன் நிழல்ல கிடக்கும். நூறுகாரரே, யானைக்கு டியூப் போட்டுக்கலாம்னுதான் நானும் சொல்றேன், வாழ்க்கையில எத்தனை யானை எடுக்கப் போறார்?

செப்புக்காசு:
அண்ணா, எடுக்கறதுக்கு முன்னாடி விளக்கணுமா? அம்மா வெள்ளிக்கு விபூதி, செம்புக்குப் புளின்னு ரெடியா நிக்கறாங்க.

வெளிச்சம்100:
ஐயோ தொடவே விடாதீங்க!! பச்சை பூத்த செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்ச்சா எழுத்தோட சேர்ந்து விலையும் போயிடும்.

பழையலென்ஸ்பாண்டி:
இதுல அவர் சொல்றது சரி. லைட்டு மென்மையா விழ ட்ரேசிங் பேப்பர் ஒட்டுங்க, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எண் 8க்கு மேல போகாதீங்க, எண் ஏற ஏற துவாரம் சின்னதாகும், 22ல வச்சா எல்லாம் ஷார்ப்பா வரும்னு தோணும், அந்தக் கிட்டத்துல மொத்தப் படமும் மங்கிடும், அது 60ஆ இருந்தாலும் சரி 100ஆ இருந்தாலும் சரி.