பார்மசிஸ்ட்டாக வந்து இறங்கியிருப்பவர்களுக்கு: முதலில் கவர், அப்புறம் புத்தகம்

மருந்தியல் படித்து, சில வருஷம் கவுன்டரில் நின்றுவிட்டு வெளிநாடு வந்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே ஒரு தடித்த பார்மகாலஜி புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் கனடா வந்ததும் அப்படித்தான் உட்கார்ந்தேன். எனக்கு எட்டு மாதம் வீணாய்ப் போனது படிக்காததால் இல்லை. படித்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கவர் போக வேண்டிய இடத்துக்குப் போகாததால்.

அதனால் பேப்பரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கனடாவில் முதலில் நாப்ரா என்ற, பார்மசி ஒழுங்குமுறை அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பின் கேட்வே தளத்தில் பதிந்து ஒரு அடையாள எண் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பி.ஈ.பி.சி. என்ற பார்மசி தேர்வு வாரியம் உங்கள் ஆவணங்களைப் பரிசீலிக்கும். மார்க் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும், உங்கள் பதிவில் குற்றம் குறை இல்லை என்று சொல்லும் குட் ஸ்டாண்டிங் சான்று நீங்கள் பதிவு செய்திருந்த பார்மசி கவுன்சிலிலிருந்து நேராகப் போக வேண்டும். உங்கள் கையில் வாங்கி நீங்களே அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கவுன்சில் பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். அது இல்லாமல் சான்று கிடைப்பது பெரும்பாடு. எனக்கு நடந்தது என்னவென்றால், பல்கலைக்கழக அலுவலகத்தில் யாரோ நல்ல மனசோடு மார்க் பட்டியலை என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். திரும்ப விண்ணப்பம், திரும்பக் காத்திருப்பு. இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். யார் அனுப்புவார், எந்த முகவரிக்கு, எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் நிறைய அடிபடுகிறார்கள். டிகிரியில் ஒற்றை இனிஷியல், கவுன்சில் பதிவில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு எல்லாம் ஒரே ஆள், பரிசீலிப்பவருக்கு மூன்று ஆள். கேட்கும் வரை காத்திராமல், இவை எல்லாம் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முதலிலேயே தயாராக வைத்திருங்கள்.

இன்னொரு குழப்பம். குடியேற்றத்துக்காகக் கல்விச் சான்று மதிப்பீடு செய்திருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டு மருந்து கொடுக்க முடியாது. அது குடியேற்றப் பாயிண்டுக்கு மட்டும். அந்த மதிப்பீடு வந்துவிட்டதால் லைசென்ஸில் பாதி முடிந்தது என்று ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னும் நாட்டை முடிவு செய்யாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வெளிநாட்டில் படித்த பார்மசிஸ்ட்டுகள் வாங்க வேண்டிய எஃப்.பி.ஜி.ஈ.சி. சான்றுக்கு, 2003 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பட்டம் பெற்றிருந்தால் குறைந்தது 5 வருஷப் பாடத்திட்டம் வேண்டும். 4 வருஷ பி.ஃபார்ம் அங்கே வாசலிலேயே நின்றுவிடும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும். 6 வருஷ ஃபார்ம்.டி. படித்தவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டனில் பொதுவான வழி ஓஸ்பாப் என்ற ஒரு வருஷப் படிப்பு, அதன்பின் ஒரு வருஷப் பயிற்சி, பிறகு அங்கே பார்மசிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பான ஜி.பி.எச்.சி.யின் தேர்வு. அந்தத் தேர்வை மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. ஆஸ்திரேலியாவில் ஓப்ரா தேர்வு (2025-க்கு முன் காப்ஸ் என்று இருந்தது), பிறகு மேற்பார்வையில் இன்டர்ன் வேலை, திரும்பவும் எழுத்து, வாய்மொழித் தேர்வுகள். ஏஜென்ட் யாராவது "எல்லா நாட்டுக்கும் ஒரே ஃபைல் போதும்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். விதிகளை அந்தந்த அமைப்பின் தளத்தில் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். அவையும் மாறிக்கொண்டே இருக்கும்.

கனடாவில் ஆவணம் தேறியபின் எவாலுவேட்டிங் தேர்வு, அப்புறம் குவாலிஃபையிங் தேர்வு இரண்டு பாகம். முதல் பாகம் கொள்குறி வினா, இரண்டாவது ஆஸ்கி, அதாவது நோயாளியாக நடிப்பவரோடு நேரக் கணக்கில் பேசிக் காட்டும் செய்முறைத் தேர்வு. அது போக மாகாண அமைப்பு கேட்கும் சட்டத் தேர்வும் பயிற்சியும் தனி. கியூபெக்கின் வழியே வேறு, பிரெஞ்சும் வேண்டும்.

காத்திருக்கிற மாதங்களில் வீட்டில் இருக்காதீர்கள். ஏதாவது ஒரு பார்மசியில் அசிஸ்டன்ட் வேலைக்குப் போங்கள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பார்மசிஸ்ட்டாக இருந்தவர் இன்னொருவர் சொல்லும் மாத்திரையை எண்ணிக் கொடுப்பதா என்று மனசு வலிக்கும், எனக்கும் வலித்தது. ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்று அங்கேதான் காதில் விழுகிறது. பாரசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென். கிளிபென்கிளமைடு, கிளைபுரைடு. அட்ரினலின், எபிநெஃப்ரின். என் முதல் வாரத்தில் ஒரு பெரியவர் வந்து "சுகர் 12" என்றார். குறைந்துவிட்டது என்று பதறிப்போனேன். இங்கே அளவு மில்லிமோலில், நம் ஊரில் மில்லிகிராமில். 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய 216. அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. நான் பதறியது தலைகீழான திசையில். அன்று பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருந்தார். அந்தக் கணக்கை அதற்குப் பிறகு நான் மறந்ததே இல்லை.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ஆஸ்கியில்தான் என்பது என் கருத்து. மருந்து தெரியாமல் இல்லை, பேசத் தெரியாமல். நாங்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் நோயாளியாக, ஒருவர் பார்மசிஸ்ட்டாக, ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து பழகினோம். ஒரு நாள் தோழி மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாங்க வந்தவராக நடித்தார். நான் ஃபோலேட்டை அது எப்படித் தடுக்கிறது, கல்லீரலை ஏன் பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனை எப்போது என்று மூச்சு விடாமல் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்: "எல்லாம் சரிங்க, இதை நான் எந்தக் கிழமை சாப்பிடணும்?"

வாரத்துக்கு ஒரு தடவை என்பதை நான் சொல்லவே இல்லை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்தாகும் மருந்து அது.

அதிலிருந்து என் பழக்கத்தை மாற்றினேன். வாயைத் திறந்ததும் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. டாக்டர் என்ன சொன்னார், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், கடையில் தானாக வாங்குகிற வலி மாத்திரை ஏதாவது உண்டா, அலர்ஜி இருக்கிறதா, பெண் என்றால் கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டு முடித்த பிறகுதான் சொல்ல ஆரம்பிப்பேன். கடைசியில் "வீட்டில் போய் எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், எனக்கு ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்பேன். மெத்தோட்ரெக்ஸேட் என்றால் கிழமையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, லேபிளிலும் எழுதிவிடுவேன். இன்றுவரை கவுன்டரில் அப்படித்தான் செய்கிறேன்.

பயிற்சிக்குக் கூட்டாளி கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பவரை நோயாளியாக உட்கார வையுங்கள். மருந்து தெரியாதவராக இருப்பதே நல்லது. அவருக்குப் புரியவில்லை என்றால் நீங்கள் இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.