பெரியப்பாவின் ரிப்போர்ட்

குழு: புளியமரத்து வீடு

கணேசண்ணன்: அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் போட்டிருக்கிறேன். கல்லீரல் சுருங்கி முண்டும் முடிச்சுமாக இருக்கிறதாம், சிரோசிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். தேவி, பார்த்துச் சொல்லும்மா

செல்வி அத்தை: ஐயோ அண்ணனுக்கா

முத்து சித்தப்பா: குடிக்காமல் எப்படி வரும் இது?

செல்வி அத்தை: கிணற்றுப் பங்குக் கோபத்தை இதில் காட்டாதே முத்து. அண்ணன் பதனீரில் கூட சுண்ணாம்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுத்தான் குடிக்கும்

முத்து சித்தப்பா: கேட்டேன், அவ்வளவுதான்

தேவி: சித்தப்பா, குடிக்காதவர்களுக்கும் வரும். பெரியப்பாவுக்கு 2004இலிருந்து சுகர். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்கிறது, வருடக்கணக்கில் அது புண்ணாகித் தழும்பாகிறது, வலி எதுவும் இருக்காது. நான் கல்லீரல் வார்டில் ஏழு வருடமாக நர்ஸ், ஒரு சொட்டுக் குடிக்காத சுகர்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களிடமும் சொந்தக்காரர்கள் இதையேதான் கேட்பார்கள், அவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரியப்பாவிடம் யாரும் கேட்காதீர்கள்.

பிரபு அத்தான்: கல்லீரல் ரத்த டெஸ்டில் எஸ்ஜிபிடி 36தானே, நார்மல் என்று போட்டிருக்கிறதே

தேவி: அதை மட்டும் பார்த்துத்தான் ஏமாறுகிறோம் அத்தான். தழும்பு முற்றிய பிறகும் அது நார்மலாக இருக்கலாம். வயது 63, அதே டெஸ்டில் எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் 1,20,000. இந்த நான்கையும் வைத்துத் தழும்பை மதிப்பிட ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு, 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, 2.67க்கு மேலே போனால் கல்லீரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு 4.2 வருகிறது.

கணேசண்ணன்: ஐந்து வருடத்துக்கு முன்பே ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தது. எல்லோருக்கும் இருப்பதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்

பிரபு அத்தான்: கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா

செல்வி அத்தை: கோயில் கொடைத் திருவிழா வரி வீட்டுக்கு 3000, பிரபு இன்னும் தரவில்லை

பெரியம்மா: பாகற்காய் சாறு கொடுத்துத்தான் மூன்று மாத சுகரை 6.1க்குக் கொண்டுவந்தேன். ராத்திரி சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். செவ்வாய் விரதம் வேறு

தேவி: பெரியம்மா, ராத்திரி வெறும் வயிறாகப் படுக்க விடாதீர்கள். இந்தக் கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது, பட்டினி கிடந்தால் உடம்பு தசையைக் கரைத்துவிடும். படுக்கும் முன் ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும், முட்டை, பருப்பு, மீன் எதையும் குறைக்க வேண்டாம், உப்பு மட்டும் குறையட்டும். இந்த நோயில் மண்ணீரலும் வீங்கலாம், வீங்கியிருந்தால் ரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும், அப்போது 6.1 என்பது உண்மையான கணக்காக இருக்காது, விரலில் குத்தியும் பாருங்கள். பச்சிலை, சூரணம் எதுவானாலும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம் அத்தான். அப்புறம் அந்த முழங்கால் வலி மாத்திரை, கடையில் வாங்குவாரே, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். எண்டோஸ்கோபி ஒன்று பார்க்க வேண்டியிருக்கும், உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் விடக்கூடாது, இதில் புற்றுநோய் வரலாம்.

செல்வி அத்தை: 😢

முத்து சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேவி: சித்தப்பா, உங்களுக்கும் ஒன்பது வருடமாகச் சுகர். வயிறும் இறங்கவில்லை. உங்கள் ரிப்போர்ட்டையும் அனுப்புங்கள், நானே கணக்குப் போடுகிறேன்.

முத்து சித்தப்பா: பிளேட்லெட் எந்தப் பக்கத்தில் இருக்கும்

கணேசண்ணன்: மதுரையில் செவ்வாய்க்கிழமைதான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது

செல்வி அத்தை: கொடையன்றைக்கா?

பெரியப்பா: எல்லாம் படித்தேன். சாமி கும்பிட்டு வியாழன் போகலாம்

கணேசண்ணன்: அப்பா விளையாடாதீர்கள். வியாழன் அந்த டாக்டர் இல்லை

பெரியப்பா: மூத்தவன் இல்லாமல் கிடா வெட்ட முடியாது

முத்து சித்தப்பா: நான் நிற்கிறேன் அண்ணே. நீங்கள் போய் வாருங்கள், கார் அனுப்புகிறேன்

பெரியப்பா: பார்ப்போம்

செல்வி அத்தை: அப்போ கிடாவுக்கு யார் சொல்வது?