விண்டோஸ் 10 முடிந்த பிறகு லினக்ஸ்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் அனுபவங்கள்

பாலக்கோடு, பள்ளி ஆசிரியர்:

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயின. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஓராண்டு நீட்டிப்பு. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. நம் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் நான் பார்ப்பதெல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து வாங்கி வந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப்கள். ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை. 8 ஜிபி ராம் இருக்கிறது, கீபோர்டு கெட்டியாக இருக்கிறது, திரை தெளிவாக இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தேதி குறித்துவிட்டது என்பதற்காக அவற்றைக் கழித்துக்கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியவர்கள், மாறிப் பார்த்துத் திரும்பியவர்கள், அடுத்தவருக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். எது உயர்ந்தது என்ற சண்டை வேண்டாம். என்ன வேலை, எந்தக் கருவி, எது ஓடியது, எது ஓடவில்லை, இவ்வளவு போதும்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறேன். அதன் அடித்தளம் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் வகை, 2029 வரை ஆதரவு உண்டு. பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், புரொஜெக்டர் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. தலைவலி கொடுத்தவை பழைய வினாத்தாள்கள்தான். பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் அடித்த கோப்புகளை எம்.எஸ். ஆபீஸ் போன்ற லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும். லினக்ஸ்தான் கெடுத்துவிட்டது என்று உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் நினைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், விண்டோஸிலும்கூட, அது அப்படித்தான் தெரியும். எழுத்துருக் கோப்பைப் போட்டவுடன் வினாத்தாள் தமிழில் வந்துவிட்டது. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களைத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் முடியாத பட்டியலை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது?

அரூர், ஜெராக்ஸ் மற்றும் டிடிபி கடை:

சார், கடையில் மூன்று சிஸ்டம். இரண்டில் மின்ட், ஒன்றில் விண்டோஸ். ஏன் இப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பென்டிரைவ். பொதுத்தேர்வு, கல்லூரி சேர்க்கை, அரசு வேலை விண்ணப்பம் என்று சீசன் வந்தால் போதும், கடைக்கு வரும் பென்டிரைவ்களில் பாதி சீக்கோடுதான் வரும். ஷார்ட்கட் வைரஸ் உங்களுக்குத் தெரியும். ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்களைப் போட்டு வைக்கும். அதைச் சொடுக்கினால் நம் சிஸ்டத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். போன வருடம் ஒரு பொண்ணு ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தது. கல்லூரியில் எல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம், கண்ணெல்லாம் கலங்கி நிற்கிறது. மின்ட் இருக்கும் சிஸ்டத்தில் சொருகினேன். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரிந்தது. திறந்தால் அத்தனை கோப்பும் உள்ளே. விண்டோஸில் மறைத்து வைக்கிற குறியை லினக்ஸின் கோப்பு மேலாளர் கண்டுகொள்வதில்லை, எல்லாவற்றையும் அப்படியே காட்டிவிடும். அந்த வைரஸ் விண்டோஸுக்கு எழுதியது, இங்கே ஓடவும் ஓடாது. கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மேட் செய்து, திரும்பப் போட்டுக் கொடுத்தேன். இந்த ஒரு வேலைக்காகவே ஒவ்வொரு ஜெராக்ஸ் கடையிலும் ஒரு லினக்ஸ் சிஸ்டம் இருக்க வேண்டும் என்பேன்.

இரண்டாவது பிரிண்டர். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லினக்ஸ் போட்டு ஏமாந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் விழுந்திருப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டர்களில் ஒரு ரகம் உண்டு. அதன் உள்நிரல் பிரிண்டருக்குள் நிலையாக இருக்காது. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்ப வேண்டும். விண்டோஸ் டிரைவர் இதை ஓசைப்படாமல் செய்துவிடும். லினக்ஸிலோ டிரைவரோடு தனியாக ஒரு பிளக்-இன் இறக்கினால்தான் இது நடக்கும். இது தெரியாமல் பிரிண்ட் கொடுத்தால் முடிந்தது என்று திரையில் வரும், காகிதம் வராது. கரன்ட் போய் வந்த பிறகு பிரிண்டர் செத்துவிட்டது என்று ஃபோன் செய்கிறவர்களுக்கு நான் கேட்கும் முதல் கேள்வியே அந்த பிளக்-இன் இருக்கிறதா என்பதுதான். இன்னொரு ரகம் இருக்கிறது, அதற்குக் கம்பெனி கொடுத்த லினக்ஸ் டிரைவர் ரொம்பப் பழையது, இன்றைய பதிப்புகளில் உட்காரவே உட்காராது. அந்த பிரிண்டருக்காகத்தான் மூன்றாவது சிஸ்டத்தில் விண்டோஸ்.

தட்டச்சு விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தோஷம். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து ஹையர் பாஸ் செய்தவன். தமிழ்99 விசைப்பலகை முறை கைக்கு வராது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் எம்17என் என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் முறை, பழைய தட்டச்சு முறை மூன்றும் கிடைக்கின்றன. காசு கொடுக்காமல், கிராக் தேடாமல், என் விரல் பழகிய முறையிலேயே யூனிகோடு அடிக்கிறேன்.

பத்திரிகை, நோட்டீஸ் வேலைக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பார்க்கலாம். 1.4 பதிப்பு வரை தமிழ் உருப்படாது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிற்கும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6-இல் தமிழ் எழுத்துகள் ஒழுங்காக உட்காருகின்றன. ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர்கள் பழைய கோரல்டிரா கோப்பைத்தான் கொண்டு வருகிறார்கள். லினக்ஸில் ஓடும் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்தால் பாதி சரியாக வரும், மீதியை உட்கார்ந்து கையால் ஒழுங்குபடுத்த வேண்டும். முகூர்த்த நாள் நெருக்கத்தில் அதற்கு நேரம் கிடையாது.

பென்னாகரம் பக்கம், கல்லூரி மாணவி:

அண்ணா, நீங்கள் சொன்ன பென்டிரைவ் கதை எங்கள் கல்லூரியிலும் தினமும் நடக்கிறது.

என்னிடம் இருப்பது அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அந்தக் காலத்து லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம். அக்காவோடு படித்த யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்று சொல்வாள். பள்ளியில் அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கடைக்காரர்கள் இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டார்கள். கேரளத்தில் பள்ளி ஐ.டி. பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது, தேர்வும் அதில்தான். நம் மாநிலத்தில் லேப்டாப்பைக் கொடுத்தார்கள், கூடவே பாடத்தையும் கொடுத்திருக்கலாம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

இப்போது அதில் ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, மின்ட்டின் இலகுவான வடிவமான எக்ஸ்எஃப்சிஇ ஏற்றியிருக்கிறோம். பைத்தான், சி, ஜாவா மூன்றும் அதில்தான் எழுதுகிறேன். பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் திணறும், மற்றபடி குறையில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, நிறுவும் கோப்பு 3 ஜிபிக்குப் பக்கத்தில் வரும். ஃபோனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா வைத்திருப்பவர் ஒரே நாளில் இறக்க முடியாது. எங்கள் வகுப்பில் ஒருத்தி வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது, அவள் இறக்கி பென்டிரைவில் வைத்தாள், அது கை மாறிக்கொண்டே இருக்கிறது. சட்டப்படியே யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம் என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. இரண்டாவது, நிறுவி முடித்ததும் சில லேப்டாப்களில் வைஃபை வராது. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். பலர் இங்கேயே வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஃபோனை சார்ஜர் வயரில் லேப்டாப்போடு இணைத்து, ஃபோன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் உடனே நெட் வந்துவிடும். அப்புறம் மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபை டிரைவரை அதுவே காட்டும்.

கிருஷ்ணகிரி, வரிக் கணக்கு ஆலோசகர்:

மற்றவர்கள் எழுதியதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. இருந்தாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மாங்கூழ்த் தொழிற்சாலை, கிரானைட், அரிசி மண்டி, ஹார்டுவேர் கடை என்று என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் டேலியில்தான் கணக்கு வைக்கிறார்கள். அவர்கள் அனுப்புவது டேலி பேக்கப். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டலாம் என்கிறார்கள், எனக்கும் ஓரளவு ஓடியது. ஆனால் அடுத்தவர் கணக்கை அப்படி ஓட்டி, கடைசித் தேதியன்று ஏதாவது ஆகிவிட்டால் அபராதம் கட்டுவது அவர். ஜிஎஸ்டி தளம் ஃபயர்ஃபாக்ஸில் நன்றாகவே திறக்கிறது. தனி உரிமையாளர்கள் ஓடிபி போட்டு ரிட்டர்னை முடித்துவிடலாம். கம்பெனிகளுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கட்டாயம். அந்த டோக்கனை லினக்ஸில் எழுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. க்னூகேஷ் நல்ல கணக்கு மென்பொருள், வீட்டுக் கணக்குக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் ஆடிட்டர் கேட்கும் வடிவத்தில் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு வேலை.

வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்துவது மின்ட்தான். அலுவலகத்தில் விண்டோஸ் 11. இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கட்டும்.

ஓசூர், சிட்கோ எஸ்டேட்டில் டூல்ரூம்:

ஆலோசகர் சொல்வது நியாயம். எங்கள் தொழிலில் நிலைமை வேறு, அதையும் எழுதுகிறேன்.

பெரிய கம்பெனிகளுக்கு, வேலைப்பொருளைப் பிடித்து வைக்கும் ஜிக், ஃபிக்ஸ்சர் செய்து கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருளுக்கு வருடாவருடம் கட்டும் தொகை ஓர் ஆபரேட்டரின் பல மாதச் சம்பளம். திருட்டுப் பதிப்பு வைத்திருந்தால் நோட்டீஸ் வருமோ என்ற பயம். இலவச கேட் மென்பொருளான ஃப்ரீகேட் 2002-லிருந்தே இருக்கிறது, ஆனால் நான் முன்பு அதைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒரு பிளேட் வரைந்து, அதன் மேல் முகத்தில் துளை போட்டு வைத்திருப்போம். பிறகு பிளேட்டின் அளவை மாற்றினால் முகங்களின் எண்கள் மாறிவிடும், துளை வேறு முகத்துக்குத் தாவிவிடும், இல்லையென்றால் மாடலே உடைந்துவிடும். கஸ்டமர் டிராயிங்கைத் திருத்திக்கொண்டே இருக்கும் தொழிலில் இது ஒத்துவராது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். அதன் பிறகு எளிய ஃபிக்ஸ்சர்கள் எல்லாம் அதில்தான் வரைகிறோம். சிக்கலான வளைவுகள் வரும் டை வேலைக்கு இன்னும் பழைய மென்பொருளைத்தான் நம்பியிருக்கிறோம்.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயம், மெஷினைக் கணினியால் இயக்கும் லினக்ஸ்சிஎன்சி. கன்ட்ரோலர் போன ஒரு பழைய மில்லிங் மெஷின் மூலையில் கிடந்தது. புது கன்ட்ரோலர் விலை மெஷினின் விலையையே தாண்டும். சர்வோ டிரைவ்களைப் புதிதாகப் போட்டு, ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ்சிஎன்சி ஏற்றி, அந்த மெஷினை ஓட வைத்தோம். அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனத்தில் 1990-களில் பிறந்த நிரல் அது, பிறகு உலகெங்கும் உள்ள மெஷினிஸ்டுகளும் புரோகிராமர்களும் சேர்ந்து வளர்த்தது. மெஷினின் அச்சு (ஆக்சிஸ்) நகர்வதற்கான மின்துடிப்புகள் குறித்த நேரத்தில் போயே ஆக வேண்டும், மைக்ரோ நொடிகள் பிசகினாலும் மோட்டார் தடுமாறும். அதனால் நேரம் தவறாத ரியல்டைம் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேவை. முன்பு அந்த வசதியைக் கெர்னலில் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 2024-இல் வந்த லினக்ஸ் 6.12-இலிருந்து அந்த வசதி மூலக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது லேட்டன்சி (தாமத) சோதனையை ஓடவிட்டு, கூடவே வீடியோ ஓட்டி, விண்டோக்களை இழுத்துப் பாருங்கள். எண் எகிறினால் அந்தக் கணினி மெஷினுக்கு ஆகாது. விலை உயர்ந்த புது லேப்டாப் தோற்று, எடைக்குப் போட வைத்திருந்த டெஸ்க்டாப் ஜெயித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எங்கள் ஆபரேட்டர்களில் ஒருவர் வீட்டில் தெலுங்கு, இன்னொருவர் கன்னடம். ஷாப்ஃப்ளோர் கணினியில் மூன்று மொழியும் வைத்திருக்கிறோம். ஷிஃப்ட் மாறும்போது எழுதி வைக்கும் குறிப்புகளை அவரவர் மொழியில் அடிக்கிறார்கள், புரியாததை அடுத்தவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

தேன்கனிக்கோட்டை, புதியவர்:

எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் ஊரில் இதெல்லாம் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு சின்ன கடை வைக்கப் போகிறேன், செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பும் ஒரு பிரிண்டரும் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி?

பாலக்கோடு, பள்ளி ஆசிரியர்:

உங்கள் கேள்விதான் முக்கியமானது தம்பி. இந்த இழையில் நன்றாக ஓடுகிறது என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருந்திருக்கிறார், அல்லது அவரே அந்த ஆளாக இருந்திருக்கிறார். விழுப்புரத்தில் க்னூ/லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல ஆண்டுகளாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். தருமபுரியில் ஒரு ஞாயிறு, ஓசூரில் ஒரு ஞாயிறு என்று வைத்தால் நான் வருகிறேன். இடம் கொடுக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர், ஜெராக்ஸ் மற்றும் டிடிபி கடை:

தம்பி, ஒரு பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கடையிலேயே அதிலிருந்து லேப்டாப்பைத் துவக்கிப் பாருங்கள், எதையும் நிறுவ வேண்டியதில்லை. வைஃபை, சத்தம், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது வரை அங்கேயே பார்த்துவிடலாம். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். பிரிண்டர் புதிதாக வாங்கினால் அட்டைப்பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த வகைக்குப் பெரும்பாலும் தனி டிரைவரே தேவைப்படாது. பழையது வாங்குவதாக இருந்தால் மாடல் எண்ணை இங்கே போடுங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு. ஞாயிறு கூட்டத்துக்கு அரூரில் என் கடை மாடி காலியாகத்தான் இருக்கிறது சார்.