டயர் சைஸ் மாத்தினதுல இருந்து மீட்டர் தப்பா காட்டுது. சுற்றளவை எப்படி அளக்கறது?

முட்டைவண்டி_நாமக்கல்:

வணக்கமுங்க. நாமக்கல்ல இருந்து திருச்சூருக்கு முட்டை லோடு அடிக்கிற ஆறு சக்கர வண்டி. முன்னாடி 7.50-16 நைலான் டயர் ஓடுச்சு. தேய்ஞ்சு போனதால ஆறையும் கழட்டிட்டு 8.25-16 ரேடியல் போட்டேன். வண்டி புக்குல ரெண்டு சைஸும் இருக்கு, ரிம்மும் அதுக்குத் தக்கன மாத்தியாச்சு.

பழைய டயர்ல போக வர 540 கிமீ காட்டும், கடைசியா தேய்ஞ்ச சமயத்துல 550 வரைக்கும் வந்துச்சு. புது டயர் போட்டதும் 506 தான். போன்ல ஜிபிஎஸ் வச்சுப் பார்த்தா மீட்டர் 60 காட்டறப்ப அது 64 காட்டுது.

மீட்டர் மெக்கானிக்கிட்ட போனேன். உள்ள டயர் சுற்றளவு 2455 மிமீன்னு பதிஞ்சிருக்கு, புது அளவு சொல்லுங்க மாத்திடலாம்னார். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, டயர் மேல டேப்பைச் சுத்தி அளந்தோம். 2710 வந்துச்சு. அதையே ஏத்தியாச்சு. இப்ப நேர்மாறா ஆயிடுச்சு: ஜிபிஎஸ் 64 காட்டறப்ப மீட்டர் 66, அடுத்த டிரிப் 559 கிமீ! சந்தேகம் வந்து, தரையில இருந்து ஆக்சில் நடு வரைக்கும் அளந்து பார்த்தேன், 40 செமீ. அதை 6.28 ஆல (3.14ஓட ரெண்டு மடங்கு) பெருக்கினா 2512 தான் வருது. எதை நம்பறது?

இன்னொண்ணு. 506 காட்டின நாலு டிரிப்பும் மைலேஜ் 6.75ல இருந்து 6.3க்கு இறங்கிடுச்சு. டிரைவர்கிட்ட கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். இப்ப 559 கணக்குல 7 வருது. மனசு உறுத்துது. சரியான அளவு தெரிஞ்சே ஆகணும்.

பழைய_ஸ்பேனர்:

தம்பி, முதல்ல டிரைவர் விஷயத்துக்கு வர்றேன். 540ஐ 6.75 ஆல வகுத்தா 80 லிட்டர். 506ஐ 6.3 ஆல வகுத்தாலும் 80 லிட்டர். 559ஐ 7 ஆல வகுத்தாலும் அதே 80. தினம் ஒரே ரூட்டு, ஒரே லோடு, ஒரே டீசல். மாறினது மீட்டர் மட்டும்தான். அவர் ஒரு சொட்டும் எடுக்கல. அளவு அப்புறம் எடுத்துக்கலாம், இதை இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க.

அளவு எடுக்க நம்பகமான வழி உருட்டிப் பார்க்கறதுதான். பதினஞ்சு மீட்டராவது சமமான சிமெண்ட் தரை வேணும். நெல் காயப்போடற களம் கிடைச்சா அதைவிட நல்லது இல்லை, லோடு வண்டியை ஏத்தறதுக்கு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்குங்க. வழக்கமா ஏத்தற லோடோட, வண்டி ஓடிச் சூடாகறதுக்கு முன்னாடி காத்து பார்த்து, எப்பவும் வைக்கிற பவுண்டு வச்சுக்குங்க.

பின்னாடி டயரைத்தான் அளக்கணும், முன் டயர் இல்லை. மீட்டருக்குக் கணக்கு அனுப்பற சென்சார் கியர்பாக்ஸ்ல இருக்கு, அது எண்றது பின்சக்கரம் சுத்தற கணக்கை. வெளி டயர்ல, தரையைத் தொடற இடத்துக்கு நேர் மேல சாக்பீஸ்ல ஒரு கோடு, அதுக்கு நேரா தரையில ஒரு கோடு. கண்ணளவு வேண்டாம், கொத்தனார் தூக்குக்குண்டு பிடிச்சுக் கோடு போடுங்க. ஸ்டியரிங்கை நேரா வச்சு, முதல் கியர்ல ஆக்சிலேட்டர் மிதிக்காம மெல்ல நகர்த்துங்க. கிளம்பின பிறகு டயர் கோடு அஞ்சாவது தடவை அடிக்கு வந்ததும் தரையில மறுபடி கோடு. நடுவுல உள்ள தூரத்தை ஸ்டீல் டேப்ல அளந்து அஞ்சால வகுங்க. ஒரே சுத்துல அளந்தா கோட்டுல 1 செமீ தப்பு அப்படியே சேரும், அஞ்சு சுத்துல 2 மிமீதான் சேரும். வலது இடது ரெண்டு பக்கமும் பார்த்து சராசரி எடுங்க.

ஓசூர்_கணக்கு:

ஸ்பேனர் அண்ணா சொன்ன முறைதான் சரி. நீங்க எடுத்த ரெண்டு அளவும் ஏன் பொருந்தலைன்னு மட்டும் நான் சொல்றேன்.

ரேடியல் டயர்ல, தரையைத் தொடற ரப்பர் பட்டனுக்கு அடியில கம்பிப் பெல்ட் இருக்கு. அது நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. லோடுல டயர் அடி சப்பையானாலும் பெல்ட்டோட நீளம் மாறாது, ராணுவ டாங்கியோட சங்கிலி மாதிரி தரையில விரிஞ்சு சுருண்டு போகும். ஒரு சுத்துக்கு வண்டி நகர்ற தூரம் கிட்டத்தட்ட அந்தப் பெல்ட்டோட நீளம். டேப் சுத்தினப்ப அதுக்கு மேல இருக்கற பட்டன் கனத்தையும் சேர்த்து அளந்துட்டீங்க, அதான் கூடுதல். ஆக்சில் உயரத்தை வச்சுப் பார்த்தப்ப, சப்பையான அடியை முழு வட்டத்தோட ஆரமா எடுத்துட்டீங்க, அதான் குறைவு. உண்மை நடுவுல இருக்கு.

ஐரோப்பிய டயர் தரநிலையில ரேடியலுக்கு விட்டத்தை 3.14க்குப் பதிலா 3.05 ஆல பெருக்கச் சொல்றாங்க. உங்க 2710ஐ 3.14 ஆல வகுத்தா 863 விட்டம். அதை 3.05 ஆல பெருக்கினா 2632. உருட்டி அளக்கறப்ப இதை ஒட்டி வரணும். ரொம்ப விலகினா காத்தையும் கோட்டையும் மறுபடி பாருங்க.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மறக்காதீங்க. சரக்கு வண்டிக்கு 80ன்னு வச்சிருக்கறது பெரும்பாலும் இதே சென்சாரைத்தான் நம்புது. 2455 இருந்தப்ப, 80ன்னு அது நிறுத்தின இடத்துல வண்டி நிஜமா 85ல ஓடியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்ல முட்டை லோடோட அந்த 5 கிமீ சின்ன விஷயம் இல்லை.

ஜோடிடயர்:

குறுக்க வர்றேன். பின்னாடி ஜோடி டயருக்கு நடுவுல இடைவெளி இருக்கான்னு லோடு ஏத்தின நிலைமையில பாருங்க. 8.25 அகலம் கூட. லோடுல அடிப்பக்கம் பிதுங்கி ரெண்டும் உரசினா சூடேறி வெடிக்கும்.

முட்டைவண்டி_நாமக்கல்:

பரமத்தி ரோட்டுல ஒரு களத்துல கேட்டு, இன்னைக்கு விடியக்காலம் லோடோட அளந்தோம். டிரைவர் ஓட்ட, நான் தூக்குக்குண்டு பிடிச்சேன். அஞ்சு சுத்துக்கு இடது பக்கம் 13 மீட்டர் 8 செமீ, வலது 13 மீட்டர் 11 செமீ. சராசரி 2619. மெக்கானிக் அதை ஏத்திட்டார். சேலம் ரோட்டுல 60ல நிதானமா ஓட்டிப் பார்த்தேன், ஜிபிஎஸ்ஸும் 60. ஜோடி டயர் நடுவுல விரல் தாராளமாப் போகுது.

ஒரு சந்தேகம்: என் தம்பியோட வண்டி மீட்டர்ல சுற்றளவே கேக்கல, கிமீக்கு இத்தனை பல்ஸ்னு (சென்சார் அனுப்பற துடிப்பு) ஒரு நம்பர் கேக்குது. அதுக்கு என்ன பண்றது?

ஓசூர்_கணக்கு:

பழைய பல்ஸ் நம்பரைப் பழைய சுற்றளவால பெருக்கி, புது சுற்றளவால வகுங்க. டயர் பெருசானா நம்பர் குறையணும். உங்க ரெண்டு சைஸுக்குன்னா பழசுல 0.937 பங்கு. நம்பர் கூடினா தலைகீழாப் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். இதுவரைக்கும் ஓடின கிமீயை யாரும் தொடக் கூடாது, இனி ஓடறது மட்டும் சரியா எண்ணினா போதும்.

பழைய_ஸ்பேனர்:

கேபிள் மீட்டர் வண்டின்னா நம்பர் ஏத்தற வேலை கிடையாது. கியர்பாக்ஸ்ல கேபிள் மாட்டற இடத்துல இருக்கற சின்னப் பல்சக்கரத்தை மாத்தணும். தம்பி வண்டி எதுன்னு பார்த்துக்குங்க. அப்புறம், பட்டன் பாதி தேய்ஞ்சதும் உங்க வண்டியை இன்னொரு தரம் களத்துல ஏத்திப் பாருங்க. நைலான் தேய்ஞ்சப்ப 550 காட்டினதும் அதனாலதான். ரேடியல்ல அவ்வளவு வராது, ஆனா கொஞ்சம் வரும்.

முட்டைவண்டி_நாமக்கல்:

சரிங்கண்ணா, குறிச்சு வச்சுக்கறேன். பேட்டா கிமீ கணக்குலதான் குடுக்கறோம், கிமீக்கு 3 ரூபா. நாலு டிரிப்புல 34 கிமீ வீதம் 136 கிமீ அவருக்குக் குறைஞ்சிருக்கு. 408 ரூபாயை இன்னைக்கே குடுத்துட்டேன். கூட வந்த 19 கிமீயைக் கழிக்கல. தப்பு என்மேலதான்னு கிளீனர் முன்னாடியே சொன்னேன், ஏன்னா அன்னைக்குப் பேசினதும் கிளீனர் முன்னாடிதான்.