ஓப்பன் சோர்ஸ் (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) பக்கம் நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள்?

கடலூர்க்காரன்:
சேவை மனப்பான்மை எல்லாம் கிடையாது, எரிச்சல்தான். அப்பா பல வருடமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த ஊர்க்கதைகளை ஒரு நோட்ஸ் மென்பொருளில் ஏற்றித் தேடினால், 'கொடி' என்ற சொல் கண்ணெதிரே இருக்கிறது, தேடல் மட்டும் இல்லவே இல்லை என்கிறது. இரண்டு ராத்திரி மண்டை காய்ந்து அப்புறம்தான் பிடிபட்டது: 'கொ'வில் வரும் ஒற்றைக் கொம்பும் காலும், கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் சேர்ந்து ஒரே குறியீடாகவும் இருக்கலாம், தனித்தனியே இரண்டாகவும் இருக்கலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. அப்பாவின் கோப்பு இரண்டாவது வகை, என் கீபோர்டு தருவது முதல் வகை. தேடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர மூன்று வரி நிரல் போதும், எழுதி அந்த மென்பொருளுக்கே அனுப்பினேன். அதைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் 'கோ', 'கௌ' இரண்டுக்கும் இதே சிக்கல் உண்டா, சரிபார்க்கும் டெஸ்ட் நிரல் எங்கே என்று குடைந்து குடைந்து கேட்டு, மூன்று வரி நாற்பது வரியானது. சம்பளத்துக்கு எழுதிய எதையும் யாரும் இப்படி உட்கார்ந்து படித்ததில்லை. அப்பாவிடம் காட்டினால், "இதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்கிறார்.

சுக்குக்காப்பி:
நான் டி-ஷர்ட்டுக்காக வந்தவன். அக்டோபரில் நாலு புல் ரிக்வஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போட்டால், ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிகழ்வில் டி-ஷர்ட் என்றார்கள். 2020இல் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் சும்மா ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். குப்பை தாங்காமல், சம்மதம் தெரிவித்த ப்ராஜெக்ட்டுகள் மட்டுமே கணக்கு என்று பாதியிலேயே விதியை மாற்றினார்கள். என்னுடையதில் மூன்றை மூடிவிட்டார்கள். நாலாவதில் ஒருவர் மட்டும், இதை விடு, இந்த பக்கை (பிழையை)ப் பார்க்கிறாயா என்று ஒரு சுட்டி கொடுத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறேன், மாதம் ஒன்றிரண்டு பக், அவ்வளவுதான்.

இரவுப்பணி:
என் கதை தலைகீழ். மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு சின்ன நிரல் லைப்ரரியை மூன்று வருடம் தனியாளாகப் பார்த்துக்கொண்டேன், "எப்போ சரி பண்ணுவீங்க?" என்று அதட்டியவர்கள்தான் அதிகம். 2024இல் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவியின் விவகாரம் வெளியே வந்தபோது, களைத்துப்போன மெயின்டெய்னரிடம் ஒத்தாசை செய்கிறேன் என்று வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டுதான் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார்கள் என்று படித்து எனக்குத் திக்கென்றது. என்னிடம் அப்படி யாராவது வந்திருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

கடலூர்க்காரரே, அந்த மெயின்டெய்னருக்கு நன்றி என்று ஒரு வரியாவது போட்டீர்களா?