மறு: ஸ்டாட்டிக் ரூட், டீஃபால்ட் கேட்வே – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் மொழிபெயர்ப்புக்காக இரண்டு வலையமைப்புச் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம். ரூட் என்பது தரவு போகும் வழி; டீஃபால்ட் கேட்வே என்பது தனி வழி குறிக்கப்படாத தரவையெல்லாம் வெளியே அனுப்பும் திசைவி (ரூட்டர்). ‘>’ இட்ட வரிகள் முந்தைய மடலில் வந்தவை.

> ஸ்டாட்டிக் ரூட் = நிலையான வழித்தடம். இதை முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமா?

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. ‘வழித்தடம்’ சரி, பேருந்தில் போகிற எல்லோருக்கும் தெரிந்த சொல். சிக்கல் ‘நிலையான’ என்பதில்தான். லினக்ஸில் ‘ஐபி ரூட் ஆட்’ கட்டளை கொடுத்துப் போட்ட வழித்தடம், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் காணாமல் போய்விடும். அது போகிற இடைமுகத்தை (கணினியின் வலையமைப்பு இணைப்பை) இறக்கினாலே, அதாவது முடக்கினாலே போதும். விண்டோஸிலும் ‘ரூட் ஆட்’ அப்படித்தான். ‘-பி’ சேர்த்தால்தான் மறுதொடக்கத்துக்குப் பிறகும் இருக்கும். அந்த ‘பி’ பெர்சிஸ்டென்ட், அதாவது நிலைத்திருப்பது. ‘நிலையான’ என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம். இல்லையென்றால் “இந்த நிலையான வழித்தடத்தை நிலையாக்கவா?” என்று பயனரிடம் கேட்க வேண்டிவரும்.

ஸ்டாட்டிக், டைனமிக் என்ற பிரிவே யார் போட்டது என்பதைப் பற்றியது. ஓஎஸ்பிஎஃப் போன்ற, வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையில் திசைவிகள் தமக்குள் பேசித் தெரிந்துகொள்வது ஒன்று. ஆள் உட்கார்ந்து கையால் போடுவது இன்னொன்று. வேலை பார்க்கிறவர்கள் “ரூட் போட்டாச்சா?” என்றுதானே கேட்கிறார்கள்? அதனால் என் பரிந்துரை: இட்ட வழித்தடம், கற்ற வழித்தடம்.

> டீஃபால்ட் கேட்வே = இயல்புநிலை நுழைவாயில். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

புழக்கத்தில் இருப்பது உண்மை. ஆனால் 192.168.1.20 என்ற கணினியில் இருந்து பாருங்கள், 192.168.1.1 அதற்கு வெளியே போகிற இடம். பொதியின் (அனுப்பும் தரவுத் துண்டின்) சேருமிட ஐபி முகவரி மாறுவதில்லை, மேக் முகவரியில் (வலையமைப்பு வன்பொருளின் முகவரியில்) மட்டும் இந்தத் திசைவியின் எண்ணை எழுதி அனுப்புகிறது. பதில் திரும்பி வருவதும் பெரும்பாலும் இதே வழிதான். எனவே ‘நுழை’யை வெட்டிவிட்டு ‘வாயில்’ போதும். ஐபி நெறிமுறையை வரையறுத்து 1981-இல் வந்த ஆர்எஃப்சி 791 ஆவணத்திலும் இரண்டு வலையமைப்புகளை இணைப்பதுதான் கேட்வே. திசையெல்லாம் அதில் இல்லை.

அடுத்து ‘டீஃபால்ட்’. 10.20.0.0/16-க்கு (10.20 என்று தொடங்கும் முகவரிகளுக்கு) 192.168.1.254 வழியாக ஒரு தடம் இட்டிருந்தால், அந்த முகவரிகள் அங்கே போகும். வேறு எதிலும் பொருந்தாதவைதான், எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0/0-க்கு வரும். இந்தக் ‘கடைசி’ப் பொருளுக்காகச் சென்ற மடலில் ஒருவர் ‘கடைவாயில்’ என்றார். கருத்து அருமை, ஆனால் படிக்கிறவர் பல் மருத்துவரைத் தேடிப் போவார். ‘பொதுவாயில்’ என்றால் பப்ளிக் ஐபியோடு (இணையத்தில் தெரியும் முகவரியோடு) குழம்பும். அமைப்புப் பெட்டிகளில் டீஃபால்ட்டுக்கு ‘இயல்பு’ பழகிவிட்டதால், ‘இயல்பு வாயில்’ என்றே வைக்கலாம்.

---

வணக்கம். மேலே உள்ள மடலுக்கு என் பதில் இது. இட்ட, கற்ற – இரண்டுக்கும் என் ஓட்டு. மூன்றாவது ஒன்று விட்டுப்போயிற்றே: இடைமுகத்துக்கு முகவரி கொடுத்ததும் தானாகவே வழித்தட அட்டவணையில் வந்து உட்காருமே, கனெக்டெட் ரூட்? யாரும் இட்டதும் இல்லை, கற்றதும் இல்லை. ‘ஒட்டிய வழித்தடம்’ சரிப்படுமா?

‘வாயில்’ பற்றி ஒரு தயக்கம். ‘வாயில் முகவரி’ சரி, ‘வாயிலில் பிழை’ என்று பிழைச்செய்தி வந்தால், வாய் என்றல்லவா தோன்றும்? அதை மட்டும் ‘வாயிலை எட்ட முடியவில்லை’ என்று மாற்றி எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். இந்தச் சரங்களை (மென்பொருளில் தோன்றும் சொற்றொடர்களை) இன்று இரவே கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ‘ஒட்டிய’ மட்டும் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்.